பேப்பர் சொல்லுது

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ஆபீஸ் பிரிண்டர் ஒரு தடவை இருமிவிட்டுத் தாள் தள்ள ஆரம்பிக்கும். அது மாடியில் இருந்தது. கீழே சோதனை மேசைகளில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்காது. ஆனால் மணி தெரியும். ஏழே முக்கால் ஆனதும் அவர்களுடைய பேச்சு நின்றுவிடும். எட்டு மணிக்கு மேடம் படியிறங்கி வருவார். பின்னால் தாள்கட்டோடு நான் வருவேன்.

மேடம் என்றே சொல்லிக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். ஓய்வு பெற்று சௌக்கியமாக இருக்கிறார், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறார் என்று கேள்வி. தெரிந்தவர்கள் நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் தங்கமான மனுஷி என்றுதான் சொல்வார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

சிம்பாங் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. மின்விசிறிக்கும் ஏர்கோனுக்கும் பிளாஸ்டிக் மூடிகள் செய்வோம். மூடியில் கீறல், குமிழி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் சோதனை மேசை வேலை. வெள்ளை டியூப் லைட்டுக்கு அடியில் எட்டு மணி நேரம் குனிந்தபடி பார்க்கவேண்டும். யாரும் ஆசைப்பட்டு அந்த மேசைக்குப் போவதில்லை. மேடம் அந்தப் பிரிவுக்குத் தலைவி, நான் அவருக்குக் கிளார்க்.

என் வேலை எண்களை ஏற்றுவது. நூறு பழுதில் யார் எத்தனையைப் பிடித்தார் என்று தினமும் கணினியில் ஏற்றுவேன். எல்லாம் ஒரே எக்செல் கோப்பு, அதற்குள் ஆளுக்கு ஒரு ஷீட். ஒவ்வொரு ஷீட்டிலும் இடப்பக்கம் மேலே ஒரு சார்ட் இருக்கும். நீலக் கோடு அந்த ஆள். தொண்ணூற்றேழில் படுத்திருக்கும் சிவப்புக் கோடு கம்பெனி எதிர்பார்ப்பது. நீலம் மூன்று வாரம் தொடர்ந்து சிவப்புக்குக் கீழே போனால் ஆளை மாடிக்குக் கூப்பிடுவார்கள். மாடிக்குப் போனவர்கள் மறுபடி மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அந்த இருபத்திரண்டு சார்ட்டையும் திங்கட்கிழமை அச்சடித்து, பஞ்ச்கார்டு அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் குத்தவேண்டும். குண்டூசி மேடம் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கம்பெனி குண்டூசி அவருக்குப் பிடிக்காது, தாள் கோணலாகத் தொங்குமாம். நான் குத்தியபின் இரண்டு எட்டு பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, ஏதாவது ஒன்றை நிமிர்த்தி வைப்பார். யாரையாவது பார்த்து முறைப்பாரா என்றால் அதுவும் இல்லை. சிவப்புக்குக் கீழே போன ஒரு பெண் ஒருமுறை அழுதுகொண்டே அவரிடம் வந்தாள். மேடம் அவள் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. பேப்பர் சொல்லுது."

திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். தாளிடம் யார் போய்ச் சண்டை போடுவது? அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அப்போது நான் மேடத்தின் பொறுமையைப் பார்த்து வியந்துபோனேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

"மொதல்ல சார்ட்ட ஒரு கிளிக் பண்ணு வாணி. சுத்தி கட்டம் வருதா? இப்ப பிரிண்ட் கொடு. பக்கம் முழுக்க சார்ட் மட்டும் வரும். கட்டம் இல்லாம பிரிண்ட் கொடுத்தன்னு வை, அந்த ஷீட்ல உள்ள எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டிடும். அது நமக்கு. அவங்களுக்கு சார்ட் மட்டும்."

நமக்கு, அவங்களுக்கு. என் வீட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆள் யாருமில்லை. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அம்மா இருந்த வரைக்கும் தொழிற்சாலைதான். மேடத்தின் அப்பா தோட்டத்துக் கிராணியாக இருந்தவர், காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்தவர். அவர் மகள் என்னைச் சேர்த்து 'நமக்கு' என்று சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஷீட்டின் வலப்பக்கம் அப்படி என்னதான் இருக்கிறது என்று நகர்த்திப் பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சார்ட்டைக் கிளிக் பண்ணி, அச்சடித்து, குத்திக்கொண்டிருந்தேன்.

கோட்டின் சூட்சுமம் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று.

மாதவன் என்று ஓர் ஆள் சோதனை மேசையில் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் கேண்டீனில் எல்லாரும் இருக்கும்போது, "மேடம், என் மேசை லைட் ரெண்டு மாசமா அவிஞ்சு கெடக்கு. அதுக்கும் ஒரு சார்ட் போட்டு மாட்டுங்க லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், மற்றவர்களைவிட ஒரு நொடி கூடுதலாகவே சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவன் சார்ட்டைப் பார்த்தால் நீலக் கோடு லேடாங் மலை உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்திருக்கிறது. எண்ணை ஏற்றியவள் நான். தொண்ணூற்றேழு புள்ளி நாலு, தொண்ணூற்றாறு புள்ளி எட்டாகியிருந்தது, அவ்வளவுதான். இது எப்படி மலையாயிற்று என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். மற்றவர்கள் சார்ட்டில் இடப்பக்கத்து எண் தொண்ணூறில் தொடங்கியது. மாதவனுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி ஐந்தில் தொடங்கியது. மேடத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று பேருக்கு கொசோங், அதாவது பூஜ்யத்திலிருந்து. அவர்கள் தொண்ணூற்றைந்துக்கு இறங்கினாலும் கோடு விரித்த பாய் மாதிரி கிடக்கும்.

நான் பார்த்துக்கொண்டிருப்பதை மேடம் பார்த்துவிட்டார். கொஞ்சமும் பதறவில்லை.

"நம்பர மாத்தினேனா?"

"இல்ல மேடம்."

"நம்பர மாத்துறது பாவம் வாணி. நான் ஒருநாளும் செஞ்சதில்ல. ஆனா கோடு எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்."

மேனேஜர் சீனர், அவசரக்காரர். பலகையைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்ப்பார், எண்ணை வாசிக்க நிற்கமாட்டார். மாதவனின் மலையைப் பார்த்து நின்றார், "இனி சியாப்பா?" என்று கேட்டார். இது யார் என்று மேனேஜர் கேட்டபின் அந்த ஆளுக்கு விமோசனம் கிடையாது. மூன்றாவது வாரம் மாதவன் மாடிக்குப் போனான். அவன் போன மறுவாரம் அந்த மேசைக்குப் புது லைட் போட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் எப்படி அவரை நல்லவர் என்று நினைத்தாய் என்று கேட்பீர்கள். அவர் கேட்கிற விதம் அப்படி. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு மாமியாரோடு தகராறு, யார் சிங்கப்பூரில் வேலை தேடுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். கேண்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முகம் வாடியிருக்கே, என்னம்மா?" என்பார். நம் வாயிலிருந்து தானாக வந்துவிடும். சொல்லி முடித்ததும், "நல்ல வேளை சொன்ன. நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நிறையப் பேர் சொன்னார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது வந்து இன்னார் இப்படியாம் என்றால் உடனே, "யாரு சொன்னா?" என்று கேட்பார். பேர் இல்லாத சேதியைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். வம்பு பேசாதவர் என்று நான் அதையும் அவர் நல்ல குணத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு கிறிஸ்மஸுக்கு க்ளுவாங்கில் அவர் வீட்டுக்குப் போனோம். வீடு கண்ணாடியாக இருந்தது. முறுக்கு, அச்சுப் பலகாரம், கோழிப் பிரட்டல் என்று மேசை நிறைந்திருந்தது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பக்கம் முழுக்க ஒரு சார்ட், நீலக் கோடு, சிவப்புக் கோடு. கீழே அவர் கணவரின் பெயர். வாரா வாரம் அவருடைய சர்க்கரை அளவு. வந்தவர்கள் எல்லாரும் குளிர்பானம் எடுக்கும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தோம்.

அந்த மனிதர் ஒல்லியாக, சாந்தமாக, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். அவர் முதலில் சமையலறைப் பக்கம் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வாரம் நான் சிவப்பு, பிள்ள" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த மனிதரின் கை மடியில் கிடந்தது எனக்கு இப்போதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

இனி என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவின் தங்கை. அம்மா போனபின் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். சித்தப்பா இல்லை, ஒரே மகன், பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். சின்னம்மா இதே தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக இருந்தார். பேக்கிங்கில் இருந்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் சோதனை மேசைக்கு மாறினார். ஏன் சின்னம்மா என்று கேட்டதற்கு, "உக்காந்து செய்யலாம்ல, கால் வலி மிச்சம்" என்றார். எனக்கு ஆபீஸில் இடம் இருக்கிறது என்று வந்து சொன்னவரும் அவர்தான். "மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன்" என்றார். முதல் நாள் போட்டுக்கொண்டு போகத் தங்காக் துணிக்கடையில் துணி எடுத்து, அவரே தைத்தும் கொடுத்தார்.

இரண்டாவது வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறியது. ஒருநாள் வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லை விட்டுவிட்டு அரிசியை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ஆபீஸ்ல மூச்சு விடாத வாணி. இன்னும் ஒன்றர வருசம். தம்பி படிப்பு முடிஞ்சிடும். அது வரைக்கும் இந்த மேச எனக்கு வேணும்."

"சொல்லமாட்டேன் சின்னம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒன்றரை வருஷம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்த மாதம் அவர் கோடு சிவப்புக்குக் கீழே போனது, தொண்ணூற்றாறு புள்ளி ஆறு. எண்ணை நான்தான் ஏற்றினேன், நான்தான் அச்சடித்துக் குத்தினேன். அடுத்த வாரம் தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு. இரண்டு திங்கட்கிழமை முடிந்துவிட்டது. மூன்றாவது வந்தால் மாடி. வீட்டில் சின்னம்மா சாமி படத்துக்கு முன்னால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்.

வியாழக்கிழமை ஆபீஸில் மேடம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முகம் வாடியிருக்கே வாணி. என்ன?"

நான் அழுதுவிட்டேன். சத்தியம் என் நினைவில் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் மேடம் நினைத்தால் சின்னம்மாவைப் பேக்கிங்குக்கே திருப்பி அனுப்பலாம், அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. சர்க்கரை, கண் மங்கல், அரிசியும் கல்லும், தம்பியின் படிப்பு, அத்தனையும் சொன்னேன். மேடம் டிஸ்யூ எடுத்துக் கொடுத்தார். எழுந்துபோய் ஒரு கோப்பை மைலோ கலக்கிக்கொண்டு வந்து, சூடு அதிகம் என்று தானே ஊதிக் கொடுத்தார்.

"அவங்களுக்குத் தெரியவேணாம் மேடம், நான் சொன்னேன்னு."

"நான் எதுக்கு லா சொல்லப்போறேன்? நல்ல வேளை சொன்ன. நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. மூன்றாவது எண், தொண்ணூற்றைந்து புள்ளி ஒன்பது. பேக்கிங் மாற்றம் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. மேடம் மேனேஜர் அறையில் இருந்தார், நீயே அச்சடித்துக் குத்திவிடு என்று குண்டூசிப் பெட்டியை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இருபத்தொரு சார்ட்டை அச்சடித்தேன். சின்னம்மாவின் ஷீட் கடைசி. அந்தக் கோடு படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதானே, மேடம் கொடுத்ததுதான். இடப்பக்கத்து எண்ணை கொசோங்கில் தொடங்க வைத்தேன். கோடு நிமிர்ந்து படுத்துக்கொண்டது. சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, எது மேலே எது கீழே என்றே தெரியவில்லை. மேனேஜர் நிற்கமாட்டார். இன்னும் ஒரு வாரம் கிடைக்கும், அதற்குள் மேடம் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார். நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்க, பக்கத்தில் வெறும் இடத்தில் ஒரு கிளிக் பண்ணி, சார்ட்டைச் சுற்றியிருந்த கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மணி ஏழு ஐம்பத்தைந்து. பிரிண்ட் கொடுத்துவிட்டு, பிரிண்டரிலிருந்து தாள்கட்டைக் கவிழ்ந்தபடியே அள்ளிக்கொண்டு ஓடினேன்.

இருபத்தொரு தாளையும் பார்த்துக் குத்தினேன். சின்னம்மா தாளை மட்டும் பார்க்காமல் குத்தினேன். அவர் பத்து அடி தூரத்தில் பஞ்ச்கார்டோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்க்கிற மேடத்தின் பழக்கம் எனக்கு இருந்திருந்தால், அப்போதே கிழித்து வாயில் போட்டு மென்றிருப்பேன்.

ஆட்கள் வந்து கூடினார்கள். சின்னம்மாவின் தாளுக்கு முன்னால் சலசலப்பு. எடுத்துவிட்ட கட்டத்தை மறுபடி போடாமலே பிரிண்ட் கொடுத்திருந்தேன், சார்ட் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. மற்ற இடமெல்லாம் கட்டம் கட்டமாகப் பொடி எழுத்து. வருஷ முடிவில் மேனேஜருக்குக் கொடுக்க, ஷீட் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி மேடம் செய்து வைத்திருந்தது அது. அவ்வளவும் மலாய்.

சின்னம்மா கிட்டே வந்தார். தாளுக்கு இவ்வளவு கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். பின்னால் இழுத்தார். மறுபடி கொண்டுபோனார்.

"எழுத்து பொடிசா இருக்கு" என்றார். பக்கத்து மேசை கக் நோரைக் கூப்பிட்டார். கக் நோர் அவரோடு பத்தொன்பது வருஷம் சேர்ந்து சாப்பிட்ட மலாய்க்காரி, கக் என்றால் அக்கா. "கக், தோலோங் பாச்சா." கொஞ்சம் வாசியுங்கள்.

கக் நோர் விரலை வைத்து, கடைசி வரியை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். மலாயில் இருந்ததை நான் தமிழில் சொல்கிறேன்: 'கண் பார்வை குறைந்துவிட்டது. சர்க்கரை. வேலையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக மறைக்கிறார். தகவல் சொன்னவர்: கிளார்க் வாணி, அக்கா மகள்.'

பாதியில் கக் நோருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாய் வேகத்தில் பெயர்வரைக்கும் வந்துவிட்டது. "அலமாக்" என்று கையால் வாயைப் பொத்தினார். நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். தாளை வாசிக்க முடியாமல் இன்னொருத்தரை வாசிக்கச் சொன்னதிலேயே மேனேஜருக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. அவரும் மேடமும் படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சின்னம்மா திரும்பி என்னைத் தேடினார். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குச் சட்டென்று தெரியவில்லை. தெரிந்ததும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஞ்ச்கார்டை அடித்துவிட்டு, மேசையில் போய் உட்கார்ந்து லைட்டைப் போட்டார்.

நான் தாளைப் பிடுங்கப் போனேன். மேடம் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார்.

"இப்ப எடுத்தா என்னமோ மறைக்கற மாதிரி இருக்கும். வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்கட்டும்."

"மேடம், நீங்க சொல்லமாட்டேன்னு..."

"நான் ஒண்ணும் சொல்லலையே வாணி."

அவர் சொன்னது உண்மைதான், அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியாதது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதினார், சொன்னவர் பெயரோடு ஒழுங்காக எழுதினார், நமக்கு என்று வைத்துக்கொண்டார். அச்சடித்தவள் நான், குத்தியவளும் நான்.

செவ்வாய்க்கிழமை சின்னம்மா மாடிக்குப் போனார். தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எங்கே போடுவது என்று மேடம் விரலை வைத்துக் காட்டினாராம்.

வெள்ளிக்கிழமை தாளை எடுக்க நான் பலகைக்குப் போனேன். நாலு நாளும் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்திருந்தேன். அன்றைக்குத்தான் முழுவதையும் வாசித்தேன். நிறைய வரிகள் இருந்தன. இன்ன தேதி தலைவலி என்றார், இன்ன தேதி மகனுக்குப் பணம் கட்டப் போனார், தகவல் சொன்னவர் இன்னார், இன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரி, நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு எழுதியது:

'பேக்கிங்கிலிருந்து சோதனை மேசைக்கு மாறச் சம்மதித்தார். பதிலுக்கு அக்கா மகள் வாணிக்கு ஆபீஸில் கிளார்க் வேலை. கண் வலிக்கும் என்று சொல்லியும் பரவாயில்லை என்றார். தகவல் சொன்னவர்: அவரே.'

நான் அங்கேயே நின்றேன். மேடம் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியாது. தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தார், வரிகளை அல்ல, மூலையில் இருந்த சார்ட்டை.

"கொசோங்ல ஆரம்பிச்சிருக்க" என்றார். "திங்கக்கெழமையே பாத்துட்டேன். அதனாலதான் எடுக்க விடல."

நான் குண்டூசியைப் பிடுங்கித் தாளைக் கையில் எடுத்தேன்.

"பழையபடி தொண்ணூறுக்கு மாத்திடு."

"அவங்கதான் போயிட்டாங்களே மேடம்."

"ஆமால்ல." ஒரு நொடி யோசித்தார். "சரி, அப்ப அந்த ஷீட்ட ஹைட் பண்ணி வை. அழிச்சிடாத."

ஹைட் பண்ணி வைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அழித்திருக்கலாம், மேடத்தின் முகத்தில் கோப்பையை விட்டெறிந்திருக்கலாம், அன்றைக்கே வேலையை விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இனிமேல் என் சம்பளம் மட்டும்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு இன்னும் ஒன்றரை வருஷம் அங்கேயே இருந்தேன். தம்பி படிப்பு முடிந்தது. அந்த ஒன்றரை வருஷமும் திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குச் சார்ட்டைக் கிளிக் பண்ணி, சுற்றிலும் கட்டம் வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்து, அச்சடித்தேன்.

சின்னம்மா என்னைத் திட்டவில்லை. ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. முதல் வரியைப் பற்றி நான் கேட்டபோது, "அதையும் எழுதி வச்சிருக்காளா?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு தன்னைப் பற்றி என்னிடம் எதுவுமே சொல்வதில்லை. கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்ததுகூட எனக்குத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது நான் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறேன், வேறு ஆபீஸ், வேறு கோப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிம்பாங் ரெங்கத்துக்குப் போன் போடுவேன். மழை பெய்ததா, தம்பி வந்தானா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது, எல்லாம் நன்றாகப் பேசுவார். போன வாரமும் பேசினார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும், வைக்கப் போகிற நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"கண்ணு எப்படி இருக்கு சின்னம்மா?"

"எதுக்குக் கேக்கற?" என்றார். "எங்க எழுதப் போற?"